எடை குறைந்து பிறந்த குழந்தையும் வளர்சிதைமாற்ற நோயும்: ஆய்வுக்குப் புதிதாக வருபவருக்கு

குழந்தை மருத்துவமோ மகப்பேறு மருத்துவமோ படிக்கும் பிஜி மாணவர், உயிர்வேதியியலில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தவர், ஆய்வுத் திட்டத்தில் வேலைக்கு வந்த செவிலியர் என்று பலரும் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். கருவிலேயே வளர்ச்சி குன்றுவதற்கும் குழந்தைப் பருவ வளர்சிதைமாற்ற நோய்களுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இங்கே கேள்வி. வருபவர்களில் பெரும்பாலோர் ஜீன், மெத்திலேஷன், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்று நேராகப் பெரிய கருவிகளைத் தேடிப் போகிறார்கள். ஆனால் இந்த ஆய்வுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் பிரசவ அறையிலும் வார்டிலும்தான். கர்ப்ப வாரம் தவறாக எழுதப்பட்டிருக்கும். நஞ்சு (பிளசென்டா) குப்பைக்குப் போயிருக்கும். ரத்தம் எடுத்த குழாய் ஐஸ் இல்லாமல் மேஜையிலேயே கிடந்திருக்கும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை. குழந்தையின் முதல் நாள் திரும்ப வராது.

அதனால் இந்தக் கட்டுரை முதல் நாளைப் பற்றி அதிகம் பேசும். ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம்தான்.

படி 1: எது காரணம், எது விளைவு?

தாளை எடுத்து இரண்டு பெட்டி வரையுங்கள். ஒன்றில் 'கருவில் வளர்ச்சிக் குறைவு', இன்னொன்றில் 'வளர்சிதைமாற்றக் கோளாறு' என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே அம்பு எந்தப் பக்கம் போகிறது? உங்கள் ஆய்வு முழுவதும் இந்த ஒரு கோட்டைப் பொறுத்தது.

முதல் வகையில் அம்பு வளர்ச்சிக் குறைவிலிருந்து நோய்க்குப் போகும். இங்கிலாந்தில் சவுத்தாம்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கரின் வேலையால் புகழ்பெற்றது இது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணியாளர்களும் பேரேடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் முதியவர்களான பிறகு பார்க்கர் குழு அவர்களைத் தேடிப் பிடித்தது. குழந்தையாக இருந்தபோது எடை குறைந்திருந்த ஆண்கள் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள் என்று 1989-இல் வெளியிட்டார்கள். 1991-இல் ஹேல்ஸும் பார்க்கரும் அதே மாவட்டத்து ஆண்களிடம் குளுக்கோஸ் சகிப்புக் குறைவைக் காட்டினார்கள். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் இதே பக்கம் சேர்ந்தன. கருவில் ஊட்டம் குறைந்தால் உடல் சிக்கனமாக வாழப் பழகிக்கொள்கிறது, பிறகு உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே கேடாகிறது என்பது இவர்களின் கருத்து.

இரண்டாவது வகையில் அம்பு திரும்பிவிடுகிறது. குழந்தைக்குள்ளேயே பிறவி வளர்சிதைமாற்ற நோய் இருக்கிறது, அதனால் கருவிலேயே வளரவில்லை. ஃபின்லாந்தின் கிராசில் நோய்க்குறி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். பொதுவாக, பிறவி வளர்சிதைமாற்ற நோய் உள்ள குழந்தைகள் பலர் பிறக்கும்போது நல்ல எடையோடுதான் இருப்பார்கள், ஏனென்றால் தாயின் உடலும் நஞ்சும் பல நச்சுகளை அகற்றிவிடுகின்றன. ஆனால் மைட்டோகாண்ட்ரியா போன்ற ஆற்றல் உற்பத்தி இடத்திலேயே குறை இருந்தால் தாயால் ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது வகையைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரே காரணம் இரண்டையும் உண்டாக்கலாம். கருவின் வளர்ச்சிக்கு அதன் சொந்த இன்சுலின் முக்கியமான ஊக்கி. குளுக்கோகைனேஸ் ஜீனில் பிறழ்வைப் பெற்ற கரு போதுமான இன்சுலின் சுரப்பதில்லை, அதனால் ஏறத்தாழ 500 கிராம் குறைவாகப் பிறக்கிறது என்று 1998-இல் ஹேட்டர்ஸ்லி குழு காட்டியது. அதே பிறழ்வுதான் அந்தக் குழந்தைக்குப் பின்னாளில் ரத்தச் சர்க்கரையையும் உயர்த்துகிறது. இங்கே எடைக்குறைவு சர்க்கரையை உண்டாக்கவில்லை. இரண்டும் ஒரே ஜீனிலிருந்து வந்தவை.

இந்த மூன்றில் எதை ஆராய்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால், இன்னும் மாதிரி சேகரிக்கத் தொடங்காதீர்கள்.

படி 2: கர்ப்ப வாரத்தை உறுதி செய்யுங்கள்

1,800 கிராம் குழந்தை 32 வாரத்தில் பிறந்திருந்தால் இயல்பான எடை. 38 வாரத்தில் பிறந்திருந்தால் தீவிர வளர்ச்சிக் குறைவு. எல்லாம் வாரத்தில்தான் இருக்கிறது.

நம்பத்தகுந்தது முதல் மூன்று மாத ஸ்கேன். 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் தலையிலிருந்து பிட்டம் வரை எடுக்கும் நீளத்தை வைத்துக் கணக்கிடுவது. கடைசி மாதவிடாய்த் தேதி இரண்டாவது. பிறந்த பிறகு குழந்தையின் தோல், தசை இறுக்கம் போன்றவற்றைப் பார்த்துப் போடும் பாலார்ட் மதிப்பெண்ணை வைத்துச் சொல்வது இரண்டு வாரம் முன்னே பின்னே போகும், அதிலும் வளர்ச்சி குன்றிய குழந்தையிடம் இன்னும் தடுமாறும்.

ஒரு பொறி இருக்கிறது. தாய் முதல் தடவையாக 30 வாரத்துக்குப் பிறகுதான் ஸ்கேனுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்கேன் கருவின் அளவைப் பார்த்து வாரத்தைச் சொல்லும். கரு சிறியதாக இருந்தால் வாரத்தையே குறைத்துச் சொல்லிவிடும். வளர்ச்சி குன்றிய கரு காகிதத்தில் இயல்பான, கொஞ்சம் இளைய கருவாக மாறிவிடும். இப்படிப்பட்ட தேதிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், முதன்மைப் பகுப்பாய்வில் சேர்க்காதீர்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) உண்டு, தாயின் கையில் தாய்-சேய் நல அட்டையும் இருக்கும். முதல் ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்கி, தேதியையும் மில்லிமீட்டர் அளவையும் நீங்களே பதிவு செய்யுங்கள். அட்டையில் எழுதியிருக்கும் 'பிரசவ எதிர்பார்ப்புத் தேதி' எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: 'சிறியது' என்றால் என்ன என்று எழுதி வையுங்கள்

மூன்று சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எடை குறைந்த குழந்தை என்றால் 2,500 கிராமுக்குக் கீழே, வாரம் எதுவானாலும். வாரத்துக்கு ஏற்ற அளவில்லாத குழந்தை என்றால் அந்த வாரத்துக்கான அட்டவணையில் 10-ஆம் சென்டைலுக்குக் கீழே, அதாவது அந்த வாரத்தில் பிறக்கும் நூறு குழந்தைகளில் மிகச் சிறிய பத்துக்குள். கருவில் வளர்ச்சி குன்றியது என்றால், எந்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டுமோ அந்த அளவுக்கு வளராதது. பெற்றோர் இருவரும் சிறிய உடல்வாகு என்றால் குழந்தை 8-ஆம் சென்டைலில் ஆரோக்கியமாகவே இருக்கலாம். 60-ஆம் சென்டைலில் போய்க்கொண்டிருந்த கரு 15-க்கு இறங்கியிருந்தால் எடை 'இயல்பு', ஆனால் கரு ஆபத்தில் இருக்கிறது.

2016-இல் பல நாட்டு வல்லுநர்கள் டெல்ஃபி முறையில் (சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு ஒருமிப்பது) ஒத்துக்கொண்ட வரையறையைப் பயன்படுத்துங்கள். அது 32 வாரத்தை எல்லையாக வைத்து முன்கூட்டிய வகை, பிந்திய வகை என்று பிரிக்கிறது. வயிற்றுச் சுற்றளவோ கணித்த எடையோ 3-ஆம் சென்டைலுக்குக் கீழே இருந்தால் இரண்டு வகையிலும் அதுவே போதும். முன்கூட்டிய வகையில், தொப்புள்கொடித் தமனியில் இதயம் விரியும் நேரத்து ரத்த ஓட்டம் அற்றுப்போனாலும் போதும். 3-க்கும் 10-க்கும் இடையே இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அளவுகளோ, சென்டைல் கோடுகளைத் தாண்டி இறங்கியதோ துணைக்கு வேண்டும்.

எந்த அட்டவணை என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். இன்டர்குரோத்-21 எட்டு நாடுகளில் ஆரோக்கியமான தாய்மார்களைக் கொண்டு தயாரானது, இந்தியாவிலிருந்து நாக்பூர். அதைப் பயன்படுத்தினால் ஒரு எண்ணிக்கை வரும், உள்ளூர் மருத்துவமனை அட்டவணையைப் பயன்படுத்தினால் வேறொன்று வரும். உள்ளூர் அட்டவணையில் ஊட்டமில்லாத தாய்மார்களின் குழந்தைகளும் கலந்திருப்பதால் குறைபாடே அளவுகோலாகிவிடும் அபாயம் உண்டு. எதை எடுத்தாலும் பிறகு மாற்றாதீர்கள். முடிவைப் பார்த்துவிட்டு அட்டவணையை மாற்றுவது நேர்மையில்லாத வேலை.

படி 4: அளவெடுப்பது

ஆடையில்லாமல், டிஜிட்டல் தராசில், இரண்டு முறை. தராசைத் தினமும் தெரிந்த எடை வைத்துச் சரிபாருங்கள். பதிவேடுகளில் எடைகள் 2,500 கிராமில் குவிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். யாரோ 2,460-ஐ முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள். அந்த 40 கிராம்தான் ஒரு குழந்தையை உங்கள் ஆய்வுக்கு உள்ளேயோ வெளியேயோ தள்ளுகிறது.

நீளம் அளக்க இன்ஃபேன்டோமீட்டர், அதோடு இரண்டு பேர். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் கால்களை நேராக்க. நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், குழந்தை ஒல்லியா குட்டையா என்று பிரிக்கும் பாண்டரல் குறியீட்டில் (கிராம் எடையை 100-ஆல் பெருக்கி, செ.மீ. நீளத்தின் மும்மடியால் வகுப்பது) நீளம் மும்மடியாக வருகிறது. 2,000 கிராம் குழந்தைக்கு நீளம் 46 செ.மீ. என்றால் குறியீடு 2.05. 45 செ.மீ. என்று தவறாக எழுதினால் 2.19. ஒரு சென்டிமீட்டரில் ஒல்லிக் குழந்தை கிட்டத்தட்ட இயல்பாகிவிட்டது.

நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு எடை மட்டும் போதவே போதாது. புனேவில் கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993-இல் சுற்றுவட்டக் கிராமங்களில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் காட்டியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. வயிற்றுச் சுற்றளவு மிகவும் குறைவு, தசையும் குறைவு. ஆனால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே கிள்ளி அளக்கும் தோல்மடிப்புத் தடிமன் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு தங்கியிருந்தது. தராசு மட்டும் வைத்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. தோல்மடிப்பு அளவை கற்றுக்கொள்ளச் சிரமமான விஷயம். கைதேர்ந்த ஒருவரோடு சேர்ந்து ஒரே குழந்தைகளை அளந்து, உங்கள் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போகும் வரை பழகுங்கள்.

படி 5: நஞ்சை வீணாக்காதீர்கள்

கரு வளராமல் போனதற்கான சாட்சி பெரும்பாலும் நஞ்சில்தான் இருக்கிறது. பிரசவ அறை ஊழியர்களிடம் முன்பே பேசி வையுங்கள். 'இந்தத் தாயின் நஞ்சு வேண்டும்' என்று கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டினால்கூடப் போதும், இரவுப் பணி மாறும்போதும் செய்தி போய்ச் சேரும்.

கொடியையும் உறைகளையும் வெட்டிவிட்டு எடை போடுங்கள். இருபுறமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். உறையவைக்கும் மாதிரிகளைக் கொடிக்கும் ஓரத்துக்கும் நடுவே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து எடுத்து, தாயின் ரத்தம் போக உப்புநீரில் அலசி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குழந்தை பிறந்ததிலிருந்து உறையவைத்தது வரை எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். நுண்ணோக்கிக்கான துண்டுகளுக்கு 2016-இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் வழிகாட்டுதல் நான்கு பிளாக்காவது கேட்கிறது: கொடியும் உறையும் ஒன்று, நஞ்சின் திசு மூன்று. சிசேரியனா சுகப்பிரசவமா என்பதையும் குறியுங்கள். பிரசவ வலியின் அழுத்தம் நஞ்சின் ஜீன் செயல்பாட்டை மாற்றும்.

படி 6: ரத்தமும் சிறுநீரும்

முதலில் எவ்வளவு எடுக்கலாம் என்பது. பச்சைக் குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மி.லி. ரத்தம். 1.5 கிலோ குழந்தையின் உடல் முழுவதுமே 120 மி.லி.தான். ஐரோப்பிய வழிகாட்டுதல் ஆய்வுக்காக ஒரு நேரத்தில் 1 சதவீதம், நான்கு வாரத்தில் 3 சதவீதம் என்று எல்லை வைக்கிறது. அப்படியானால் ஒரு தடவைக்கு 1.2 மி.லி. சோதனைகளை முன்னுரிமைப்படி வரிசையிட்டு, ரத்தம் எவ்வளவு கிடைக்கிறதோ அதுவரை மட்டும் செய்யுங்கள். இன்னொரு முறை குத்தலாம் என்ற எண்ணமே வரக் கூடாது.

குளுக்கோஸ் மாதிரியை அப்படியே வைத்தால் ரத்த அணுக்களே அதைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், சிவப்பணு அதிகமுள்ள வளர்ச்சி குன்றிய குழந்தையில் இன்னும் வேகமாக. ஃபுளோரைடு குழாயும் ஐஸும் உடனே பிரித்தெடுப்பதும் அவசியம். லாக்டேட்டுக்கும் அதேதான். கையை இறுக்கிக் கட்டினாலோ குழந்தை வீறிட்டு அழுதாலோ லாக்டேட் பொய்யாக உயரும், அதையும் குறித்து வையுங்கள். அமோனியா இன்னும் கெடுபிடி: ஐஸில் வைத்து, முடிந்தால் 15 நிமிடத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டும்.

சர்க்கரை இறங்கிய நேரம் பொன்னான நேரம். சிகிச்சை கொடுப்பதற்குச் சற்று முன் எடுக்கும் மாதிரியில் இன்சுலின், கீட்டோன், கொழுப்பு அமிலங்கள், கார்டிசால், லாக்டேட், அசைல்கார்னிட்டின் எல்லாம் பார்க்கலாம். கையிருப்புக் கிளைகோஜன் இல்லாததால் இறங்கியதா, இன்சுலின் அதிகமானதால் இறங்கியதா, கொழுப்பை எரிக்கும் பாதை அடைபட்டதால் இறங்கியதா என்று அப்போதுதான் பிரியும். சர்க்கரை ஏறிய பிறகு எடுத்த ரத்தம் இதைச் சொல்லாது. ஆனால் இதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தவே கூடாது. குழாய்களை ஒரு பையில் போட்டு வார்டில் தயாராக வைத்திருப்பதுதான் ஒரே வழி.

தாய்க்குக் கொடுத்த மருந்துகளையும் எழுதுங்கள். லாபெட்டலால் குழந்தையின் சர்க்கரையை இறக்கும். பிரசவத்துக்கு முன் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சர்க்கரையைப் பாதிக்கும். குதிகாலில் குத்தி வடிதாளில் சொட்டவிடும் ரத்தம், 1963-இல் ராபர்ட் குத்ரி அறிமுகப்படுத்திய முறை, 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பது வழக்கம். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தாலும் நரம்பு வழி ஊட்டம் போய்க்கொண்டிருந்தாலும் முடிவைப் படிப்பதில் கவனம் தேவை.

ஒரு முழு எடுத்துக்காட்டு: ஃபின்லாந்தின் குழந்தைகள்

ஃபின்லாந்தில் வினெட்டா ஃபெல்மன் என்ற பச்சிளங்குழந்தை மருத்துவரும் அவரது குழுவும் 1998-இல் ஒரு நோயை விவரித்தார்கள். குழந்தைகள் நிறைமாதத்துக்கு அருகில் பிறந்தும் எடை மிக மிகக் குறைவு. முதல் நாளே கடுமையான லாக்டிக் அமிலத்தன்மை. சிறுநீரில் அமினோ அமிலங்கள் கொட்டுகின்றன, பித்தம் தேங்குகிறது, கல்லீரலில் இரும்பு படிகிறது. பாதிப் பேர் முதல் நாட்களிலேயே இறந்தார்கள், மற்றவர்கள் சில மாதங்களுக்குள். இந்தக் குறிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் கிராசில் என்ற பெயர் வந்தது.

புதியவர் இதிலிருந்து என்ன கற்கலாம்? முதலாவது, வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு லாக்டேட் உயர்ந்திருந்தால் எல்லோரும் பிரசவ நேர மூச்சுத்திணறல் என்று நினைப்பார்கள். மூச்சுத்திணறலால் உயர்ந்த லாக்டேட் மணிக்கணக்கில் இறங்கும். இது இறங்கவில்லை. ஆகவே ஒரு எண் போதாது. பிறந்தவுடன், 6 மணி நேரத்தில், 24 மணி நேரத்தில் என்று தொடர்ந்து எடுத்த எண்கள் வேண்டும்.

இரண்டாவது, கண்ணில் படுவதே காரணம் ஆகாது. கல்லீரலில் இரும்பு தெரிந்ததால் முதலில் கவனம் இரும்பின் மேல் போனது. அதைக் கட்டுப்படுத்தச் செய்த சிகிச்சை நோயின் போக்கை மாற்றவில்லை. 2002-இல் குறை பிசிஎஸ்1எல் என்ற ஜீனில் இருப்பது தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் மூன்றாவது கூட்டமைப்பை (காம்ப்ளெக்ஸ் III) பொருத்திக் கட்டும் புரதத்துக்கான ஜீன் அது. அதே ஜீனில் வேறு பிறழ்வுகள் முறுக்கிய தலைமுடியும் செவித்திறன் குறைவும் மட்டுமே உள்ள பியோர்ன்ஸ்டாட் நோய்க்குறியை உண்டாக்குகின்றன. ஜீனின் பெயரை வைத்து மட்டும் நோயின் கடுமையை ஊகிக்காதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அதே பிறழ்வை எலியில் புகுத்தினார்கள். அந்த எலிக்குட்டிகள் ஆரோக்கியமாகவே பிறந்தன. மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் வளர்ச்சி நின்று, கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, இறந்தன. கல்லீரல் நோயைப் படிக்க அருமையான மாதிரி. மனிதக் கரு ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கு அதில் நேரடியான பதில் இல்லை. பிறகு 2020-இல் இன்னொன்று தெரிந்தது: ஒரே பிறழ்வு கொண்ட எலிகள் ஒரு கூட்டத்தில் ஐந்து வாரத்தில் இறந்ததற்கும் இன்னொன்றில் பல மாதம் வாழ்ந்ததற்கும் காரணம், தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இருந்த ஒரு சின்ன வேறுபாடு. விலங்கு மாதிரியை எடுக்கும் முன் 'என் கேள்விக்கு இந்த விலங்கில் பதில் இருக்கிறதா' என்று கேளுங்கள். எலியின் கருப்பைத் தமனியைக் கட்டும் மாதிரி நஞ்சுக் குறைவைப் போல இருக்கும், தாய்க்குப் புரதம் குறைந்த உணவு கொடுக்கும் மாதிரி ஊட்டக்குறைவைப் போல இருக்கும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் மாதிரி கிடையாது.

ஃபின்லாந்தில் இந்த நோய் தங்கியது ஒரு சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து மக்கள் பெருகியதால். நம் ஊரில் அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் நடப்பதால் ஒடுங்கு மரபு நோய்கள் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ந்த ஜீன் வந்தால் மட்டும் வருபவை) வெளிப்படுகின்றன. எனவே மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டாயம். 'சொந்தமா?' என்று மட்டும் கேட்டால் சிலர் இல்லை என்பார்கள். பாட்டி தாத்தாவின் ஊர்ப் பெயரிலிருந்து கேட்டுக்கொண்டே வாருங்கள். முன்பு இறந்துபோன குழந்தைகளைப் பற்றி மென்மையாக, தாயிடம் தனியாகக் கேளுங்கள்.

படி 7: பின்தொடர்வதும் கணக்கிடுவதும்

அம்பு முதல் வகையாக இருந்தால் வேலை வருடக்கணக்கில் நீளும். 1969-இல் தொடங்கிய புதுதில்லி பிறப்புக் குழு (ஒரே காலத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு) இதற்கு நல்ல பாடம். அதில் பிறந்த 1,492 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோ சகிப்புக் குறைவோ வந்தவர்கள் இரண்டு வயது வரை மெலிந்திருந்தார்கள், அதற்குப் பிறகு மற்றவர்களைவிட வேகமாக உடல் பருத்தார்கள். ஆனால் 12 வயதில் அவர்களில் யாரும் பருமனானவர் இல்லை. ஒரு வயதில் எடுத்த ஒரு அளவைப் பார்த்தால் எதுவும் தெரியாது. கோட்டின் போக்குதான் ஆபத்தைச் சொன்னது. வேலூரில் சி.எம்.சி. தொடங்கிய பிறப்புக் குழுவும் மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையின் பார்த்தீனன் ஆய்வும் நம் அருகிலேயே இருப்பவை. முறைகளை அவர்களின் கட்டுரைகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கில் ஒரு சிக்கலை மட்டும் சொல்கிறேன். பிறப்பு எடைக்கும் பத்து வயது இன்சுலின் எதிர்ப்புக்கும் தொடர்பு இல்லை என்று வருகிறது. தற்போதைய எடையைச் சமன்பாட்டில் சேர்த்தவுடன் தொடர்பு வந்துவிடுகிறது. உடனே 'கருவில் விதைத்தது' என்று எழுதிவிடுகிறோம். 1999-இல் லூக்கஸ், ஃபியூட்ரெல், கோல் மூவரும் சுட்டிக்காட்டியது, இது பிறப்பு எடையைப் பற்றிய செய்தியே அல்லாமல் இருக்கலாம் என்பதுதான். ஒரே தற்போதைய எடை உள்ள இரண்டு குழந்தைகளில் பிறக்கும்போது சிறியதாக இருந்தது அதிகமாக ஏறி வந்திருக்கிறது. ஆபத்து அந்த ஏற்றத்தில் இருக்கலாம். பிறப்பு எடை மட்டும், தற்போதைய எடை மட்டும், இரண்டும் சேர்ந்து, இரண்டின் ஊடாட்டத்தோடு என்று நான்கு சமன்பாடுகளையும் காட்டுங்கள். புள்ளியியல் தெரிந்தவரைத் திட்டம் எழுதும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசியில் அல்ல.

இங்கே நடைமுறைக் கேள்வியும் வரும்: வளர்ச்சி குன்றிய குழந்தையை வேகமாகக் கொழுக்க வைக்கலாமா? குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளைக்கு ஊட்டம் தேவை. நிறைமாதத்தில் சிறியதாகப் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு நிதானமான வளர்ச்சி போதும். உங்கள் ஆய்வு எந்தக் குழந்தையைப் பற்றியது என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கான அறிவுரை இன்னொருவருக்குப் போய்விடும்.

படி 8: அனுமதிகள்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தமும் எடுக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழி இசைவு, 12-க்கு மேல் 18 வரை எழுத்து இசைவு வேண்டும், பெற்றோரின் சம்மதத்தோடு சேர்த்து. கர்ப்பிணிக்கு ஆய்வுக்காக ஸ்கேன் எடுத்தாலும் 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் பொருந்தும். பதிவு செய்த இடம், பதிவு செய்த மருத்துவர், எஃப் படிவம் எல்லாம் வேண்டும். மருந்தோ உணவோ கொடுத்துச் செய்யும் பரிசோதனை என்றால் முதல் நபரைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்யுங்கள்.

பரிசோதனை என்றதும் ஒன்று நினைவில் இருக்கட்டும். கருவுக்கு ரத்த ஓட்டம் கூடும் என்ற நியாயமான எதிர்பார்ப்பில் சில்டனாஃபில் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஸ்ட்ரைடர் பரிசோதனைகள் பல நாடுகளில் நடந்தன. பயன் தெரியவில்லை. நெதர்லாந்தில் குழந்தைகளிடம் நுரையீரல் ரத்த அழுத்தச் சிக்கலும் இறப்பும் கூடியதால் 2018-இல் நிறுத்தினார்கள். நிறுத்த முடிந்தது, தரவைக் கண்காணிக்கும் தனிக்குழு இருந்ததால்தான். உங்கள் திட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அப்படி ஒரு குழுவை வையுங்கள்.

படி 9: குடும்பம்

நோயின் பெயர் தெரியாமலே குழந்தை இறந்துபோவது இந்தத் துறையில் நடக்கும். அந்த நேரத்தில் டி.என்.ஏ.வுக்கு ரத்தமும், தோலின் ஒரு சிறு துண்டும், சிறுநீரும் கேட்க வேண்டியிருக்கும். இறந்த பிறகு நேரம் போகப் போக மாதிரிகளின் பயன் குறைந்துவிடும், எனவே குழந்தை கவலைக்கிடமாக இருக்கும்போதே மூத்த மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். இந்த வேலையை ஆய்வு உதவியாளரிடம் விடாதீர்கள். ஏன் கேட்கிறோம் என்பதை நேராகச் சொல்லுங்கள்: ஒடுங்கு மரபு நோய் என்று தெரிந்தால் அடுத்த கர்ப்பத்தில் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, பிறழ்வு எது என்று தெரிந்தால்தான் முன்கூட்டியே பரிசோதிக்க முடியும். தோல் துண்டு வேண்டாம் என்று தாய் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

சம்மதப் படிவத்தில் ஒரு கேள்வியைத் தனியாகச் சேருங்கள்: பத்து வருடம் கழித்து விடை கிடைத்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா? ஆம் என்றால் இரண்டு தொலைபேசி எண்களை வாங்குங்கள், ஒன்று தாயின் பிறந்த வீட்டு எண். வருடத்துக்கு ஒரு முறை அழைத்து எண் மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பதிவேட்டில் திருத்துங்கள்.